வைஃபைக்கும் ஒரு திண்ணை வேண்டும்!

வீட்டுக்கு வந்தவரை "வாங்கோ, உட்காருங்கோ" என்று அழைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, காப்பிக்குப் பாலை அடுப்பில் வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கம் இன்னும் போய்விடவில்லை. ஆனால் தண்ணீருக்கும் காப்பிக்கும் நடுவே இப்போது புதிதாக இன்னோர் உபசாரம் நுழைந்திருக்கிறது. வந்தவர் டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே, "மாமி, உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டுவிடுகிறார்.

கேட்கிறவர் மேல் குற்றம் இல்லை. ஊரிலிருந்து வந்த மைத்துனர் திரும்பிப் போக ரயில் டிக்கெட் பார்க்க வேண்டும். அவருடைய பெண்ணுக்குக் காலேஜ் அட்மிஷன் சமாசாரம் தெரிய வேண்டும். கைக்குழந்தை வாயைத் திறந்து ஒரு கவளம் சாதம் வாங்கிக் கொள்ள வேண்டுமானால், அதற்கு முன்னால் ஒரு பாட்டுப் படம் ஓடியாக வேண்டும். "கொடுப்பதற்கில்லை" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், "ஒரு பாஸ்வேர்டு கொடுக்க மனசு வரவில்லை அவர்களுக்கு!" என்ற பேச்சு அடுத்த கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி பரிமாறப்படும். ஆகவே வீட்டு எஜமானி பிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லிவிடுகிறாள்.

சென்ற ஒரு வருஷத்தில் இப்படி எத்தனை பேருக்குச் சொன்னோம் என்று கொஞ்சம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு வந்த உறவினர், பையனோடு படிக்க வந்த சிநேகிதர்கள், மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், டெலிவிஷன் மாட்ட வந்த ஆள், பாட்டியைப் பார்த்துக் கொள்ள வந்த நர்ஸ். கைவிரல் போதாமல் கால்விரலுக்கும் போக வேண்டியிருக்கும். அதோடு நின்றதா? ஒரு போனில் ஒரு தடவை ஏறிய பாஸ்வேர்டு அதிலேயே தங்கிவிடுகிறது. இப்போதைய போன்கள் பலவற்றில், தெரிந்த பாஸ்வேர்டை ஒரு கட்டம் கட்டமான படமாகக் காட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். நாம் ஒருவருக்குச் சொன்னது ஒருவரோடு நிற்பதில்லை.

"இருந்தால் என்ன? இணையம்தானே! குழாய்த் தண்ணீர் மாதிரி, நாலு பேர் பிடித்துக் கொண்டு போகட்டுமே" என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கொடுத்தது எந்தச் சாவி?

நம் வீட்டுச் சுவரில் மினுக் மினுக்கென்று விளக்கு எரிந்து கொண்டிருக்கும் பெட்டிக்கு ரௌட்டர் என்று பெயர். அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வெளியே உள்ள இணையத்துக்கு வழி விடுவது. இது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டிலுள்ள சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் உட்கார்த்தி, ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைப்பதும் அந்தப் பெட்டிதான். போனிலிருந்து பிரிண்டரில் அச்சடிக்க முடிகிறதே, அது இதனால்தான். போனில் ஓடும் படத்தை டெலிவிஷனில் பார்க்க முடிகிறதே, அதற்கும் இதுவே காரணம்.

ஆக, வைஃபை பாஸ்வேர்டு என்று நாம் கொடுத்தது தெருக் குழாயின் திருகாணி அல்ல. வாசல் கதவின் சாவி. அதை வாங்கிக் கொண்டவருடைய போன் நேரே நம் கூடத்துக்குள் வந்து உட்காருகிறது. அங்கே வீட்டுக்காரரின் ஆபீஸ் லாப்டாப் இருக்கிறது. குழந்தைகளின் புகைப்படங்கள் சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. வாசலைக் காவல் காக்கும் காமிரா இருக்கிறது. ரௌட்டரை ஆட்டி வைக்கும் பக்கத்தின் கதவும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது.

பழைய நாளில் வீடு கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணை வைத்தார்கள். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம். இரவு படுத்து எழுந்து போகலாம். யாரும் அவனை விரட்டுவதில்லை. ஆனால் திண்ணையில் படுத்தவனுக்கு ரேழியைத் தாண்டிக் கூடத்துக்கும், கூடத்தைத் தாண்டி இரும்புப் பெட்டி இருக்கும் அறைக்கும் வழி கிடையாது. உபசாரத்துக்கும் குறைவில்லை, பத்திரத்துக்கும் குறைவில்லை.

ரௌட்டருக்கும் இப்படி ஒரு திண்ணை உண்டு. அதன் பெயர் கெஸ்ட் நெட்வொர்க். விருந்தாளி வலை என்று சொல்லலாம். அதே பெட்டி, இரண்டாவதாக வேறொரு பெயரில், வேறொரு பாஸ்வேர்டோடு ஒரு வைஃபையை வெளியிடுகிறது. அதில் சேர்ந்தவர் இணையத்துக்குப் போகலாம், வரலாம். வீட்டுச் சாதனங்கள் இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப முடியாது. இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அநேகமான ரௌட்டர்களில் இந்தச் சௌகரியம் ஏற்கெனவே இருக்கிறது. யாரும் திறந்து பார்க்காததால் தூங்கிக் கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

போனோடு வந்த வியாதி

"எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தங்கமானவர்கள். அவர்கள் நம் சாமான்களைக் குடைவார்களா?" என்று கேட்கிறீர்களா? ஒருநாளும் குடையமாட்டார்கள். ஆனால் நல்ல மனிதருக்கு ஜலதோஷம் வருவதில்லையா? அவருக்கே தெரியாமல் அடுத்தவருக்கு ஒட்டிவிடுவதில்லையா? போன் விஷயமும் அப்படித்தான்.

2016 டிசம்பரில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு விசித்திரமான போன் வியாதியைக் கண்டுபிடித்து, அதற்கு 'ஸ்விட்சர்' என்று பெயர் வைத்தார்கள். ஆண்ட்ராய்டு போனில் புகுந்த இந்தப் பொல்லாத நிரல், அந்தப் போனை ஒன்றும் செய்யவில்லை. போன் எந்த வீட்டு வைஃபையில் சேருகிறதோ, அந்த வீட்டு ரௌட்டரின் கதவைத் தட்டியது! 'அட்மின்', '123456' என்று எல்லோரும் வைக்கும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கதவு திறந்ததோ இல்லையோ, உள்ளே ஒரே ஒரு மாறுதல் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அந்த மாறுதல் என்ன? நாம் பாங்கியின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண் என்ன என்று பார்த்துச் சொல்ல இணையத்தில் ஒரு டைரக்டரி உண்டு. டெலிபோன் டைரக்டரி மாதிரிதான். ஸ்விட்சர் அந்த நல்ல டைரக்டரியை எடுத்துவிட்டு, திருடர்கள் அச்சடித்த டைரக்டரியை அந்த இடத்தில் வைத்தது. அதன் பிறகு அந்த வீட்டில் யார் எந்தப் பெயரைக் கேட்டாலும், திருடன் சொன்ன விலாசத்துக்குப் போக வேண்டியதுதான். 1,280 வைஃபை வலைகளைப் பிடித்துவிட்டதாக அந்தத் திருடர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சீனாவில் இருந்தவை.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வியாதி இரண்டு வேஷத்தில் உலாவியது. அதில் ஒன்று, வைஃபை பாஸ்வேர்டுகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள உதவும் ஒரு பிரபலமான சாதனத்தின் போலி! அதாவது, பாஸ்வேர்டு கேட்டு அலைகிறவர்களையே தேடிப் பிடித்தது.

வந்த போன் திண்ணையோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரௌட்டரை ஆட்டி வைக்கும் பக்கத்தை அது எட்டியே இருக்க முடியாது. தட்டுவதற்குக் கதவு அகப்பட்டிருக்காது.

மீன் தொட்டி வழியாக ஒரு திருட்டு

விருந்தாளி என்றால் மனிதர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கடையிலிருந்து வாங்கி வந்து வைஃபையில் சேர்க்கிறோமே, பேசும் பெட்டி, நிறம் மாறும் விளக்கு, வாசல் காமிரா, இவையும் ஒரு விதத்தில் விருந்தாளிகள்தான். யார் செய்தார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்று நமக்கு என்ன தெரியும்?

வட அமெரிக்காவில் ஒரு சூதாட்ட விடுதி. அங்கே அலங்காரத்துக்காக ஒரு பெரிய மீன் தொட்டி. தொட்டியின் உஷ்ணத்தையும் மீன்களின் ஆகாரத்தையும் கவனித்துக்கொள்ள, இணையத்தோடு இணைத்த ஒரு சிறு கருவி. திருடர்கள் அந்தக் கருவியின் வழியாக விடுதியின் உள்வலைக்குள் புகுந்து, சுமார் 10 ஜிகாபைட் தகவலைப் பின்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். டார்க்ட்ரேஸ் என்ற கம்பெனி 2017-ல் இந்தச் சம்பவத்தை வெளியிட்டது. வாசலில் எத்தனை காவல்காரர்கள் நின்றார்களோ தெரியாது. திருடன் மீன் தொட்டி வழியாக வந்தான்!

இதற்கு முந்திய வருஷம் நடந்தது இன்னும் பெரிய கூத்து. 'மிராய்' என்ற நிரல், உலகமெங்கும் வீடுகளில் இருந்த காமிராக்களையும் ரௌட்டர்களையும் தேடித் தேடிப் பிடித்தது. அதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர்களும் பாஸ்வேர்டுகளும் சேர்ந்த ஒரு ஜாபிதா. அதில் 60-க்கு மேற்பட்ட ஜோடிகள். அவ்வளவுதான் அதன் ஆயுதம். வாங்கியவர்கள் அதை மாற்றியிருக்கவில்லை. 2016 அக்டோபர் 21-ம் தேதி அந்தச் சாதனங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் டைன் என்ற இணையக் கம்பெனியின் மேல் பாய்ந்தன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. தங்கள் வீட்டுக் காமிரா அந்தப் படையில் சிப்பாயாகப் போயிருக்கிறது என்பது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆகையால் இந்த மாதிரி சாமான்களுக்கும் திண்ணைதான் சரியான இடம்.

நவி மும்பையில் நடந்தது

இதுவரை சொன்னவை தூர தேசத்துக் கதைகள். நம் தேசத்தில் நடந்த ஒன்று உண்டு. அதைக் கேட்டால், வைஃபை என்பது விளையாட்டுச் சாமான் அல்ல என்பது புரியும்.

2008 ஜூலை 26, சனிக்கிழமை. மாலை நேரம். ஆமதாபாத் நகரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 56 பேர் மாண்டார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால், பத்திரிகை அலுவலகங்களுக்கும் டெலிவிஷன் நிலையங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. செய்யப் போவது நாங்கள்தான் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தக் கடிதம் எங்கிருந்து புறப்பட்டது என்று போலீஸார் தேடினார்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் புறப்பட்ட இடத்தின் எண் ஒன்று உண்டு. அந்த எண் அவர்களை நவி மும்பையில் ஒரு ஃபிளாட்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே குடியிருந்தவர் உத்தியோக நிமித்தமாக இந்தியாவுக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்களைப் போலீஸார் எடுத்துக்கொண்டு போனார்கள். விசாரணை நடந்தது. பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டது. கடைசியில், யாரோ ஓர் அந்நியன் அவர் வீட்டு வைஃபையில் புகுந்து அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கிறான் என்றும், அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் தெளிவாயிற்று. தெளிவாகும் வரையில் அந்தக் குடும்பம் பட்ட பாடு?

அதோடு முடியவில்லை. அடுத்த மாதம் வந்த கடிதம், தமிழர்களுக்கு நன்கு பழகிய மாதுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்து புறப்பட்டிருந்தது. செப்டம்பர் 13-ம் தேதி டில்லியில் குண்டு வெடித்தபோது வந்த கடிதம், செம்பூரில் ஒரு கம்பெனியின் இணைப்பிலிருந்து! ஒவ்வொரு தடவையும் ஒரு பாவமும் அறியாதவர்களின் வாசலில் போலீஸார் போய் நின்றார்கள். 2009 ஜனவரியில் மும்பைப் போலீஸார் லாப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த வீட்டு வைஃபை பூட்டில்லாமல் கிடக்கிறது என்று தெருத் தெருவாகப் பார்க்கக் கிளம்பினார்கள். பிப்ரவரியில் மத்திய தொலைத் தொடர்பு இலாகா, வைஃபை இணைப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று இணையக் கம்பெனிகளுக்குத் தாக்கீது அனுப்பியது.

ரேடியோ அலைக்கு வீட்டுச் சுவர் ஒரு பொருட்டல்ல. நம் ரௌட்டரின் அலை மாடிப்படியிலும் கிடைக்கும். தெருவில் நிற்கும் காரிலும் கிடைக்கும். சுவர் செய்யாத காவலைப் பாஸ்வேர்டுதான் செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். விருந்தாளி வலை நம் கூடத்தைக் காப்பாற்றும். ஆனால் நம் பெயரைக் காப்பாற்றாது. கூடத்திலிருந்து போனாலும் திண்ணையிலிருந்து போனாலும், வெளியே போகும்போது இரண்டுக்கும் ஒரே விலாசம்தான்; அது நம் வீட்டு விலாசம். எந்த வீட்டு இணைப்பு என்று இணையக் கம்பெனியின் கணக்கு சொல்லும். எந்தக் கை தட்டியது என்று அந்தக் கணக்குச் சொல்லாது. ஆகையால், "விருந்தாளிக்குத்தானே" என்று திண்ணை வலையைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து போட்டுவிடக் கூடாது. அதற்கும் பூட்டு வேண்டும். அவ்வப்போது அந்தப் பூட்டை மாற்றவும் வேண்டும்.

திண்ணை கட்டும் விதம்

செங்கல், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும்.

முதலில் ரௌட்டரைத் திருப்பி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஒரு விலாசமும், ஒரு பெயரும், ஒரு பாஸ்வேர்டும் இருக்கும். வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும் போனிலோ லாப்டாப்பிலோ, இணையப் பக்கம் பார்க்கும் இடத்தில் அந்த எண்ணைத் தட்டினால், ரௌட்டரின் சொந்தப் பக்கம் திறக்கும். சில கம்பெனிகள் இதற்கென்று போனில் தனி 'ஆப்' கொடுத்திருக்கிறார்கள். அது இன்னும் சுலபம்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்தப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இது சாவிக்கொத்து. ஸ்விட்சர் தட்டிப் பார்த்தது இந்தக் கதவைத்தான்.

இரண்டாவது, வைஃபை என்ற பிரிவில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று இருப்பதை இயக்குங்கள். இரண்டு அலைவரிசை காட்டினால், 2.4 என்பது சுவர்களைத் தாண்டி நன்றாகப் போகும். விருந்தாளிக்கு அது போதும்.

மூன்றாவது, நாமகரணம். குடும்பப் பெயரையும் ஃபிளாட் நம்பரையும் வலைக்குப் பெயராக வைக்காதீர்கள். 'இந்த அலை இந்த வீட்டிலிருந்து வருகிறது' என்று தெருவுக்கு நாமே தண்டோரா போடுவானேன்? மல்லிகை, தாழம்பூ என்று ஏதாவது வையுங்கள்.

நான்காவது, பூட்டின் ரகம். டபிள்யூ.பி.ஏ.3 என்று இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. 'ஓப்பன்' என்று இருப்பது பூட்டே இல்லாத கதவு. டபிள்யூ.இ.பி. என்பது 2001-லேயே உடைந்துபோன பழைய பூட்டு. அதன் பக்கம் போக வேண்டாம்.

ஐந்தாவது, பாஸ்வேர்டு. 8 எழுத்துக்குக் குறைந்து வைக்க ரௌட்டர் சம்மதிக்காது. 63 எழுத்து வரை போகலாம். பையனின் பிறந்த தேதி, வீட்டுக்காரரின் போன் நம்பர் இவையெல்லாம் வேண்டாம். ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு தமிழ் வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மி, குடை, ரயில், பாகற்காய் என்பது போல. அவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நமக்கு மறக்காது. அந்நியனுக்கு எளிதில் அகப்படாது. இங்கே அச்சில் வந்துவிட்டதால் இதே நாலையும் வைத்துவிடாதீர்கள்!

ஆறாவதுதான் முக்கியம். 'விருந்தாளிகள் உள்வலையைப் பார்க்கலாமா?' என்ற அர்த்தத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். குறி இருந்தால் திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவே வைக்கவில்லை என்று அர்த்தம். மாறாக, 'ஐசொலேஷன்' என்று இருந்தால், அது தனிப்படுத்துவது, அதை இயக்குங்கள்.

ஏழாவது, பலர் மறந்துவிடுவது. பழைய வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். இத்தனை நாளாக ஊரெல்லாம் கொடுத்த சாவி செல்லுபடியாகிக் கொண்டே இருந்தால், புதிதாகத் திண்ணை கட்டி என்ன பிரயோஜனம்? வீட்டிலுள்ளவர்களின் போன்களில் புதிய பாஸ்வேர்டை ஒரு முறை போட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

போகிற போக்கில், 'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியும் 8 இலக்க எண்ணைப் போட்டும் சுலபமாகச் சேர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த எண்ணைச் சில மணி நேரத்தில் ஊகித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

சோதித்துப் பாருங்கள்

சாம்பாரை இறக்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பதில்லையா? இதையும் பார்த்துவிட வேண்டும். ஒரு போனை விருந்தாளி வலையில் சேருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். முதலில் ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறங்கள். அது வர வேண்டும். பிறகு ரௌட்டரின் அந்த எண்ணைத் தட்டுங்கள். அந்தப் பக்கம் வரக் கூடாது. வீட்டு பிரிண்டரைத் தேடுங்கள், அகப்படக் கூடாது. முதலாவது வந்து, மற்ற இரண்டும் வராவிட்டால் திண்ணை ஒழுங்காக இருக்கிறது.

சில ரௌட்டர்களில் 'கெஸ்ட்' என்ற பெயரே இருக்காது. இரண்டாவது பெயரில் வைஃபை வைத்துக்கொள்ள மட்டும் இடம் இருக்கும். பெயர் வேறாக இருப்பதால் வழியும் வேறு என்று நம்பிவிடக் கூடாது. மேலே சொன்ன சோதனையைச் செய்து பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

கொஞ்சம் அசௌகரியம் உண்டு

திண்ணையில் இருக்கிறவர் வீட்டு பிரிண்டரில் டிக்கெட்டை அச்சடிக்க முடியாது. "அதை என் போனுக்கு அனுப்புங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று சொன்னால் தீர்ந்தது. கல்யாண வீடியோவைப் பெரிய டெலிவிஷனில் போட்டுக் காட்ட வேண்டுமா? அதையும் வீட்டுப் போனில் வாங்கித்தான் போட வேண்டும்.

காமிரா, விளக்கு முதலியவற்றைத் திண்ணையில் வைத்துவிட்டால் வேறொரு சங்கடம். விருந்தாளி பாஸ்வேர்டை மாற்றும் போதெல்லாம் அவற்றையும் ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டும். ரௌட்டர் இடம் கொடுத்தால், வீட்டுக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, இந்தச் சாமான்களுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், நாலு மாதத்துக்கு ஒரு தடவையாவது பாஸ்வேர்டை மாற்றி, அன்றைக்குக் கொஞ்சம் பொறுமையைக் கடைப்பிடிப்பதுதான் வழி. யாரும் வராத நாட்களில் விருந்தாளி வலையை அணைத்து வைக்கலாம் என்ற யோசனை, அதில் காமிரா சேர்ந்திருக்காத வீடுகளுக்கே பொருந்தும்.

சாவிக்கொத்து யாரிடம்?

கடைசியாக ஒரு கேள்வி. இதை நம் சகோதரிகளிடம்தான் கேட்க வேண்டும்.

வந்தவர்களுக்குப் பாஸ்வேர்டு சொல்கிறவர் யார்? பெரும்பாலான வீடுகளில் வீட்டு எஜமானி. ஆனால் ரௌட்டரின் சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது? "அதெல்லாம் பையன்தான் போட்டுக் கொடுத்தான், அவன் இப்போது வேலையாகப் பெங்களூரில் இருக்கிறான்" என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் பதில். சில வீடுகளில், இணைப்புக் கொடுக்க வந்த ஆள் எதை வைத்துவிட்டுப் போனாரோ அதுவே இன்றைக்கும் இருக்கிறது. கேட்டால், "எனக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்துவிடுகிறோம்.

புரியாமல் என்ன? எந்த டப்பாவில் எத்தனை பருப்பு இருக்கிறது, எந்தச் சீட்டு எப்போது முடிகிறது, யாருக்கு எந்தக் கல்யாணத்தில் எவ்வளவு மொய் எழுதினோம் என்று கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கு, இரண்டு பாஸ்வேர்டுகளை நிர்வகிப்பது ஒரு பிரமாதமா? அடுத்த முறை பையன் லீவில் வரும்போது, அவனே உட்கார்ந்து செய்துவிட்டுப் போக விடாதீர்கள். "நீ பக்கத்தில் உட்கார், நான் தட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். சாவிக்கொத்துப் பாஸ்வேர்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பாங்கிப் பாஸ்புக் இருக்கும் அலமாரியில் வையுங்கள். பிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

விருந்தாளி பாஸ்வேர்டை மட்டும் ஓர் அழகான அட்டையில் எழுதி, கூடத்து மேஜையின் மேல் வைத்துவிடலாம். போனில் அந்தக் கட்டம் போட்ட படத்தை எடுத்து அச்சடித்து வைத்தால், வயதானவர்கள் எழுத்துக் கூட்டித் திண்டாட வேண்டியதும் இல்லை. அப்புறம், "மாமி, உங்க வீட்டு வைஃபை..." என்று யாராவது ஆரம்பித்தால், "அதோ அட்டையில் இருக்கிறது, பார்த்துக்கோங்கோ" என்று கையைக் காட்டிவிட்டு நிம்மதியாகப் போய்க் காப்பியைக் கலக்கலாம்.